வீரபாண்டியில் கேட்டது

4 நவம்பர் 1935, திங்கள்

இன்று எங்கள் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. இனிமேலும் போகப்போவதில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் கோபமாகச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, கொஞ்ச நாளைக்கு நீ வீட்டில் இரு கிருபா, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நடந்ததுதான் காரணம். உப்புக்கோட்டையிலிருந்து ஒரு தாயும் மகளும் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். அந்தப் பெண் சேலையைப் பார்க்கவே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தாயிடம், "மகளுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டந்தானா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அந்த அம்மாள் விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஏன் கேட்டேன்? வாய்க்கு வந்துவிடுகிறது. சின்ன வயதில் அண்ணன் என்னைத் துருவி என்றுதான் கூப்பிடுவான். தேங்காய்த் துருவி. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் அந்தக் குணம் போகவில்லை.

7 நவம்பர்

மழை. முல்லையாற்றில் தண்ணீர் செக்கச்செவேல் என்று போகிறதாம். வீட்டில் பேச ஆள் இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லாரையும் இருக்கச் சொன்னார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் வந்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் கறார். வீரபாண்டிப் பக்கம் குளிர்காய்ச்சல் நிற்கவில்லையாம். வீடு வீடாகக் கொயினா மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டார். ஊரில் இருக்கிற ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இறங்கிவிடுகிறது. பெண்களுக்கு மட்டும் முறை வைத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் கேட்டால் அவரிடம் பேசமாட்டேன் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் வந்து கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போதகரின் மனைவி சிரித்துக்கொண்டே, கேள்வி கேட்கத்தானே ஆள் வேண்டும், நம்ம கிருபாவதி இருக்கிறாளே என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் லேசாகச் சிரித்தார்— அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் போகட்டுமா என்று கேட்டேன். போயேன் என்றார்.

18 நவம்பர், திங்கள்

முதல் நாள். மோட்டார் பஸ்ஸில் வீரபாண்டிக்குப் போய் இறங்கி, ஆற்றை ஒட்டிய தெருவில் இருபத்திரண்டு வீடு பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார். காய்ச்சல் உண்டா? மாத்திரை சாப்பிட்டாயா? காலை எத்தனை, மாலை எத்தனை? நான் வாசிக்க வாசிக்க, பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாரும் தின்னேன், தின்னேன் என்றார்கள். தாள் நிறைந்துவிட்டது.

ஒன்றும் தெரியவில்லை. இதற்கு நான் எதற்கு?

25 நவம்பர், திங்கள்

இன்று தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மூன்றாவது வீடு மூக்கம்மாளுடையது. இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் சுருளியாண்டி போடிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறான், மாதம் ஒரு தடவை இறங்கி வருவான். அவள் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். நான் சும்மா உட்கார்ந்து, எதை வைத்துக் கஞ்சி குடிக்கிறாய், யார் முதலில் குடிப்பார்கள் என்று எனக்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பேச்சோடு பேச்சாக, காது இரைகிறதா என்றேன்.

"காதா? அது என்னத்துக்கு இரையணும்?"

போன வருஷம் எங்கள் வீட்டில் அவர் கொயினா சாப்பிட்டபோது காதுக்குள் வண்டு பறக்கிறது என்று பத்து நாளும் புலம்பினார். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே வீட்டுக்காரருக்கு இரைகிறது. அவர் மனைவிக்கு இல்லை. கடைசி வீட்டுக் கிழவி சங்கிலியம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. ஒன்பது வீட்டில் ஒரு பெண்ணுக்கும் காது இரையவில்லை.

அப்படியென்றால் மாத்திரை எங்கே போகிறது?

26 நவம்பர்

இன்ஸ்பெக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. குப்பையில் போடுகிறார்கள் என்று அவர் முன்பே ஒருதரம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்பையில் போட்டவள் மூக்கம்மாள் மாதிரி நேராக என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

2 டிசம்பர், திங்கள்

மூக்கம்மாள் வீட்டில் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தேன். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவளாகவே பேசட்டும் என்று. சுருளியாண்டி போன மாதம் இறங்கி வந்தபோது மலைக்காய்ச்சலில் எலும்பும் தோலுமாக இருந்தானாம். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் திரும்பிப் போய்விட்டான். அவள் சொல்லி முடித்து வெகுநேரம் சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன்.

பிறகு எழுந்து போய்க் கம்புப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். அவிழ்த்தால் முழுக்கக் கொயினா.

"அங்கன தோட்டத்துல குடுக்கிறது காணாதும்மா. ஒரு ஆளுக்கு ஒண்ணு, அதுவும் ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்ல. நான் வீட்டுல கெடந்து நடுங்கிட்டுப் போறேன். அவுக அங்கன தனியால்ல கெடக்காக."

இந்தத் தெருவில் மலைக்குப் போனவர்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தானாம். மகன் போயிருந்தால் தாய் சேர்க்கிறாள். அண்ணன் போயிருந்தால் தங்கை சேர்க்கிறாள். ஒருத்தி தொடங்கி எல்லாரும்.

"இன்ஸ்பெட்டர்ட்ட சொல்லிப்புடாதீகம்மா. நிறுத்திருவாரு."

சொல்லமாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4 டிசம்பர்

தூக்கம் சரியில்லை. சொன்னால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தத் தெருவே இப்படி நடுங்கிக்கொண்டே கிடக்கும். கேட்டது தப்பா? கேட்காமலே இருந்திருந்தால் இந்தப் பாரம் எனக்கு இல்லை.

பேர் சொல்லாமல் வீட்டில் அவரிடம் சொன்னேன். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். தன் சொந்தப் பங்கையா சேர்த்து வைக்கிறாள் என்று இரண்டு தரம் கேட்டார். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இது உன்னிடம்தான் சொல்லியிருக்கிறாள், வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள் என்றார். பாராட்டா, குறையா? தெரியவில்லை.

9 டிசம்பர், திங்கள்

இன்ஸ்பெக்டர் போதகர் வீட்டுக்கு வந்திருந்தார். மாத்திரை தட்டுப்பாடு, சாப்பிடாத பெண்களுக்குத் தை முதல் நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். அப்படியே விட்டுவிடவும் முடியாது. வாக்கையும் மீறக்கூடாது. கேள்வி கேட்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? கேட்டேன்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு யார் கொயினா கொடுப்பது?

அது தோட்டத்துக்காரர்கள் பொறுப்பு, மலை என் எல்லை இல்லை என்றார்.

இறங்கி வந்து வீட்டில் இருக்கிற நாலு நாள்? அப்போது யார் எல்லை?

என் எல்லைதான், அதற்கென்ன என்றார்.

அந்த நாலு நாளில் அவர்களை எழுதிக்கொண்டு, திரும்பிப் போகும்போது ஒரு மாதத்துக்குக் கையில் கொடுத்துவிட்டால் பெண்கள் தங்கள் மாத்திரையைத் தாங்களே சாப்பிடுவார்களா, மாட்டார்களா?

 அவர் முட்டாள் இல்லை. எந்த வீடு என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். பெயர் இல்லாமல் மேலே எழுத முடியாது, ஒரு வீடாவது காட்டுங்கள் என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

12 டிசம்பர், வியாழன்

நான் வழக்கமாகப் போகிற நாள் இல்லைதான், ஆனாலும் போனேன். மூக்கம்மாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். பல் கிட்டித்து, கட்டிலோடு சேர்ந்து ஆடியது உடம்பு. பக்கத்து வீட்டுக்காரி சுடுகஞ்சி வைத்துக்கொண்டு நின்றாள். ஐயோ, என்ன பண்ணுவேன்? பானையில் அத்தனை மாத்திரை இருக்கு, எடுத்துத் தின்னு தாயின்னு கெஞ்சினேன். மாட்டேன்னுட்டா. கண்ணைத் தொறக்காமலே தலையை ஆட்டுறா.

குளிர் விட்டு, காய்ச்சல் ஏறி, வேர்த்து விட்டது. மூன்று மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் கேட்டேன்— முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"உன் பேரைச் சொல்லட்டுமா மூக்கம்மா?"

என்ன ஆகும் என்று கேட்டாள். நல்லதும் ஆகலாம், நிறுத்தவும் செய்யலாம், எனக்கு நிச்சயம் தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. கையில் இருந்த கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

"என் பேரை மட்டும் சொல்லுங்க. மத்தவுக பேரு வேணாம்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த உப்புக்கோட்டைப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அன்று நான் பார்த்தது சரிதான். அவளுக்கு இஷ்டம் இல்லை. ஆனால் நாலு பேர் நடுவில் அவள் தாயிடம் அதைக் கேட்டேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்பது என்ற சொல்லில் வாயும் இருக்கிறது, காதும் இருக்கிறது. இத்தனை வருஷம் எனக்கு வாய்ப் பாதிதான் தெரிந்திருக்கிறது.

16 டிசம்பர், திங்கள்

இன்ஸ்பெக்டரை மூக்கம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் முடிச்சை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். தொண்ணூற்றாறு. திட்டப்போகிறார் என்று நான் நின்றேன். அவர் நாலு மாத்திரை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இதைத் தின்னு, மத்ததை அவனுக்கே வை. அவன் பங்குக்கு நான் எழுதிக் கேக்கிறேன்" என்றார். அவள் அங்கேயே இரண்டை விழுங்கினாள். கசப்பில் அவள் முகம் போன போக்கு!

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். வீடு நிறையச் சொந்தக்காரர். இன்ஸ்பெக்டர் எழுதிக் கேட்டதற்கு மதுரையிலிருந்து இன்னும் பதில் இல்லை.

21 ஜனவரி 1936

மன்னர் காலமான செய்தி. பஜாரில் கடையடைப்பு. எங்கள் கடையும் இல்லை, அதனால் அவர் பகல் முழுக்க வீட்டில்.

மதுரையிலிருந்து கொயினா வந்துவிட்டது.

27 ஜனவரி, திங்கள்

பொங்கலுக்கு இறங்கி வந்து இரண்டு வாரம் தங்கியவர்கள் இன்று மலை ஏறினார்கள். பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம். சுருளியாண்டியை முதல்முதலாகப் பார்த்தேன். கூச்சக்காரன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

10 பிப்ரவரி, திங்கள்

எனக்குத் தெரியாமல் போன ஒன்று. மூக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு எந்தக் கிழமை காய்ச்சல் வந்தது, யார் எந்த அமாவாசைக்கு இறங்கி வருவான் என்று எல்லாம் மனதில் இருக்கிறது. என் தாளோடு ஒப்பிட்டேன். இரண்டு இடத்தில் வித்தியாசம். இரண்டிலும் தப்பு என்னுடையது. உனக்கு இது எப்படி வந்தது என்றேன். "இதுல என்னம்மா இருக்கு, எல்லாருக்கும் இருக்கிறதுதான" என்கிறாள். எல்லாருக்கும் இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். மேலத்தெருவை அவளே பார்க்கட்டும் என்றார். நான் திங்கள், புதன், வெள்ளி போய் அவள் சொல்வதை எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு.

17 பிப்ரவரி

உடம்பு சரியில்லை. போகவில்லை. வீட்டில் வேலை என்று பஸ்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

24 பிப்ரவரி, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று தெளிவாக இருக்கிறேன்.

நேற்று ஞாயிறு, தலைவலி என்று கோயிலுக்குப் போகாமல் படுத்திருந்தேன். அவர் ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் வாசலில் மூக்கம்மாள். வீரபாண்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், எங்கள் ஊர் அல்லிநகரத்தில் வீட்டை விசாரித்துக்கொண்டு. உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னம்மா உடம்புக்கு என்று கேட்கவில்லை. வெயில், பஸ், வீட்டு வேலை என்று ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"திங்கக்கெழம வரல. புதன் வரல. வெள்ளி வரல. இன்னைக்கு ஞாயிறு, இன்னைக்கும் படுத்திருக்கீக. குளிரு நாள் விட்டு நாளா வருதாம்மா?"

நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். அந்தச் சும்மா இருத்தலை என்னால் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சாப்பிடவில்லை என்றாள். பையில் எண்ணிக் கொடுத்த மாத்திரைதான் இருக்கிறது, நான் எடுத்தால் ஒரு வீட்டுக்குக் குறையும். அவருக்குத் தெரிந்தால் போகவேண்டாம் என்பார் என்றேன். அவர் கதவருகில் நிற்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். மூக்கம்மாள் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, வந்த வேலையை முடிக்கவேண்டுமே என்று, மேலத்தெருவில் இந்த வாரம் பார்த்த முப்பத்தொரு வீட்டையும் சொல்லத் தொடங்கினாள். எனக்குக் குளிர் ஆரம்பித்து எழுத்து கோணிப் போயிற்று. அவர் என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். போர்வைக்குள்ளிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினேழாவது வீடு, கண் தெரியாத ஒரு கிழவி, கூட யாரும் இல்லை, நாலு நாளாகக் காய்ச்சல் என்று சொல்லி அவள் அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தாள். அவர் பேனாவை நிறுத்தினார்.

"இரும்மா. அந்த அம்மாவுக்குக் கஞ்சி யார் காய்ச்சிக் குடுக்கிறது?"

அச்சடித்த தாளில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.