குழிக்கு ஒரு சாண்

நோக்கே, பெல்ஜியம்
16 ஜனவரி 1938

என் இன்னெஸுக்கு,

சுகம்தானே? கப்பலில் வாந்தி எடுத்தாயா? எடுத்திருப்பாய். கோல்ஃப் மைதானத்தில் பெரிய சூரன், ஓஸ்டெண்ட் படகில் கால் வைத்தால் மட்டும் முகம் வெளிறிவிடும்.

இங்கே மாடி அறையில் கூரை ஒழுகுகிறது. விடுதியில் ஒரு ஈ காக்கை இல்லை. மீன்கடை மரீ நேற்று கேட்டாள், "உன் புருஷன் எங்கடி ஓடிப்போயிட்டான்?" என்று. "அமெரிக்காக்காரனை அடிச்சு நொறுக்கப் போயிருக்கார்"னு சொன்னேன். இறாலை நிறுப்பதை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

நீ ஸ்காட்லாந்துக்கே குடிபோனது ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பிரிட்டனில் பிறந்தால் மட்டும் போதாது, அங்கேயே குடியிருப்பவன்தான் அமெரிக்காவோடு மோதும் ரைடர் கோப்பையில் ஆடலாம் என்கிற விதியைக் காட்டித்தானே 1931இல் இங்கே இருந்த உன்னை ஒதுக்கினார்கள்? அன்று நீ ஒரு வாய் சோறு தொடவில்லை. அதை நான் மறப்பேனா? குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து கிடந்தால் எதிராளி "கொடுத்தாச்சு" என்பான், அடிக்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தாயே, அப்படித்தான் உன்னைக் கொடுத்துவிட்டேன். கேட்டு வாங்கக்கூடாது என்பதும் உங்கள் வழக்கம். நீயும் கேட்கவில்லை.

ஆனால் நான் அங்கே வரமாட்டேன். இந்த விடுதியை நான் தனி ஆளாக நிமிர்த்தியது உனக்குத் தெரியும்.

உன் லீவா


கார்னூஸ்டி, ஸ்காட்லாந்து
6 மார்ச் 1938

லீவா கண்ணு,

எடுத்தேன். இரண்டு தடவை. சிரித்துக்கொள்.

இங்குள்ள கிளப்பில் வேலை கிடைத்துவிட்டது. நாள் முழுக்க வங்கிக்காரர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா மூன்று வேளையும் கருவாடே போடுகிறாள். உன் சமையலை நினைத்தால் அழுகை வருகிறது, நிஜமாக.

1927இல் நம் முதல் அணி அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது சௌத்தாம்ப்டன் துறைமுகத்தில் நின்று தொப்பியை ஆட்டியவன் நான். அவர்கள் மண்ணில் இதுவரை ஒரு முறைகூட நாம் ஜெயித்ததில்லை. போன வருஷம் நம் மண்ணுக்கே வந்து கோப்பையை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஆட்டம் 39 நவம்பரில், ஃப்ளோரிடாவில். அந்தக் கப்பலில் ஒரு முறை ஏறிவிட்டால் போதும். பிறகு உன் கூரையை நானே வந்து அடைக்கிறேன்.

உன் இன்னெஸ்


நோக்கே
19 மார்ச் 1939

இன்னெஸுக்கு,

கூரையை நானே அடைத்துவிட்டேன். ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஜனவரியில் நடந்தது, உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாய்? கட்டுப் போட்ட கையோடு படுக்கை விரிக்கும்போது உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. சரி. ஈஸ்டருக்காவது வா. ஒரே ஒரு வாரம். உன் முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

லீவா


கார்னூஸ்டி
27 மார்ச் 1939

லீவா கண்ணு,

கை எப்படி இருக்கிறது? படித்ததும் பெட்டியைக் கட்டினேன், பிறகு அவிழ்த்துவிட்டேன். நான் அங்கே ஒரு வாரம் தங்கி, "இவன் குடியிருப்பு இன்னும் பெல்ஜியத்தில்தான்" என்று எவனாவது கிளப்பிவிட்டால் எல்லாம் போச்சு. ஒரு தடவை சுட்டுக்கொண்டவன் நான். நவம்பர் முடியட்டும். நீ என்னைப் புரிந்துகொள்வாய்.

உன் இன்னெஸ்


கார்னூஸ்டி
24 செப்டம்பர் 1939

லீவா,

ஆகஸ்டில் அணியில் என் பெயர் வந்தது. கப்பல் ஏறும் நாள் தெரிந்ததும் எழுதி உன்னை அசத்தலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் போர் வந்துவிட்டது. ஆட்டம் ரத்து. உனக்கு மரீ சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

அது போகட்டும். நேற்று கிளப் செயலாளரிடம் ஈஸ்டர் கதையைச் சொன்னேன். "அடப் பைத்தியக்காரா! பொண்டாட்டியைப் பார்க்கப் போனா குடியிருப்பு மாறிடுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். கேட்கவே எனக்குப் பயம் லீவா. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வயது ஆண்களை நாட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. என்னைக் கட்டிக்கொண்டதால் உன்னிடம் எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது, படகும் ஓடுகிறது. கேட்டு வாங்கக்கூடாதுதான். கேட்கிறேன். வந்துவிடு.

இன்னெஸ்


நோக்கே
2 மே 1940

இன்னெஸ்,

குளிர்காலம் முழுக்க உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. வேண்டுமென்றேதான் எழுதவில்லை, அவ்வளவு கோபம். ஃப்ளோரிடா இல்லையென்று ஆன பிறகுதானே உனக்கு என் நினைப்பு வந்தது? இதை நேரில் உன் முகத்துக்கு நேராகவே கேட்கத்தான் போகிறேன். தயாராக இரு.

ஆமாம், வருகிறேன். விடுதியை மரீயின் தங்கை பார்த்துக்கொள்வாள். உடனே கிளம்பியிருப்பேன், ஆனால் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு எல்லா அறைகளையும் கேட்டு வைத்திருக்கிறார்கள், என் பழைய விருந்தாளிகள். வாக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வர எனக்கு மனசில்லை. 12ஆம் தேதி பண்டிகை. 14, செவ்வாய்க்கிழமை படகில் ஃபோக்ஸ்டன் வருகிறேன். எங்கள் நாடுதான் போரிலேயே இல்லையே, பத்துப் பன்னிரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

துறைமுகத்துக்கு வந்து நில். கருவாட்டை என் கண்ணில் காட்டாதே.

உன் லீவா


கார்னூஸ்டி
23 ஜூன் 1940

என் லீவா,

பெல்ஜியத்துக்குத் தபால் கிடையாது என்று அஞ்சலகத்துப் பெண் போன கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

மே பத்தாம் தேதி விடியற்காலை ஜெர்மன்காரர்கள் உங்கள் எல்லைக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று வானொலியில் கேட்டதும் ஃபோக்ஸ்டனுக்கு ஓடினேன். 14ஆம் தேதியும் நின்றேன், அதற்குப் பிறகும் நின்றேன். கூட்டம் கூட்டமாக உன் ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள், கையில் குழந்தையும் மூட்டையுமாக. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் உன் பெயரைச் சொன்னேன். ஒரு கிழவர் மட்டும் உன் விடுதியைத் தெரியும் என்றார். "பண்டிகைக்கு வந்தவங்களையெல்லாம் வண்டியேத்தி அனுப்பிக்கிட்டிருந்தா அந்தம்மா. அப்புறம் பார்க்கலை" என்றார்.

இங்கே மைதானமெல்லாம் குத்துக்கட்டை நடுகிறோம், எதிரி விமானம் இறங்கக்கூடாதென்று. நானே குழி தோண்டுகிறேன். நான் பயிற்சி எடுத்த புல்தரை முழுவதும் போய்விட்டது. அதற்காக எனக்குத் துளிகூட வருத்தம் வரவில்லை, நம்புவாயா?

உனக்காக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். கூரை ஒழுகாது, ஏறிப் பார்த்துவிட்டேன்.

நீ பதில் போடாமலிருப்பது கோபத்தால்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்திலும் அப்படித்தானே இருந்தாய். அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும் லீவா, எத்தனை வருஷமானாலும் இருக்கட்டும். நேரில் வந்து கேள்.

உன் புருஷன்
இன்னெஸ்