அப்பீல் முடிகிறவரை ஊசி தொடக்கூடாது

1958, ஐப்பசி 12
விடியலிலிருந்து மழை. புதுச்சேரியில் எங்கள் சாரம் பேட்டை முழுக்கச் சேறு. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மகள் லூர்துவின் அப்பீல் இன்னும் அசையவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நர்ஸ். புது சர்க்கார் வார்டு ஆயா கிரேடில் போட்டுவிட்டது. சர்டிபிகேட் பிரெஞ்சில் இருக்கிறதாம், படிக்க ஆள் இல்லையாம். அப்பீல் முடிகிறவரை ஊசி தொடக்கூடாது, பெட்பேன் மட்டும் எடு என்று உத்தரவு. அவளோடு அப்பீல் போட்ட சூசையம்மாள் செத்தே போனாள். அவளுடையதும் நிலுவை.

ஐப்பசி 15
வெயில். முழங்கால் வலி. ஆபீசுக்குப் போனேன். கிளார்க் வெற்றிலை மென்றுகொண்டு,
"இன்னா பெரியவரே, மறுபடியும் வந்துட்டியா? மேல போயிருக்குய்யா."
"எந்த மேல தம்பி? சூசையம்மா போன மேலயா?"
சிரித்தான். டீ வாங்கிக் கொடுத்தான். இவன் அப்பன் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவன். நல்லதை மேலே வைத்து, நாறினதை அடியில் தள்ளுவான். நான் மறக்கவில்லை.

கார்த்திகை 2
காய்ச்சல். லூர்துவின் வார்டிலேயே கட்டில். மருமகள் கஞ்சியோடு நோட்டையும் கொண்டுவந்தாள்.

புது நர்ஸ் சின்னப் பெண். மூன்று இடத்தில் குத்தி, கை கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பக்கத்தில் பெட்பேனோடு லூர்து.
"நீ போடுடி."
"தொட்டா கேஸ் போயிடும்பா."
"பெத்த அப்பனுக்குக் கூடவா? போடி, பீ சட்டி தூக்கறவளே!"
வார்டே கேட்டது. போய்ப் பேனைக் கழுவிவிட்டு வந்தாள்.
"கைய ஒசத்தி வைப்பா. வீக்கம் வடியும்."

கார்த்திகை 9
காய்ச்சல் இறங்கியது. அப்பீலை விசாரிக்கப் பெரிய ஆபீசர் வார்டுக்கே வந்தார். லூர்து கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. நான் அப்பன் என்று அவருக்குத் தெரியாது. என்னிடமே கேட்டார்.
"இந்தம்மா உனக்கு ஊசி போடுவாங்களா?"
போடுவாள் என்றால் உத்தரவை மீறினவள். இல்லை என்றால் ஆயா.
"முன்ன எல்லாருக்கும் போட்டவங்க சார்."
"முன்ன கேக்கல. இப்ப?"
"இப்ப... பேன் எடுக்கறாங்க."
எழுதிக்கொண்டார். அதே நேரம் புது நர்ஸ், "லூர்து, கோடிக் கட்டிலுக்குப் பேன்!" என்றாள். ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லூர்து எடுத்துப் போனாள்.

கார்த்திகை 20
வீட்டுக்கு வந்தாயிற்று. கோழி ஒன்று காணோம்.
உத்தரவு வந்துவிட்டது. நேரில் பார்த்ததில் இவர் செய்வது ஆயா வேலையே, கிரேடு சரி என்று. இவ்வளவு நாள் இழுத்து அவளை ஆயா ஆக்கிவிட்டு, ஆயாதான் என்று எழுதுகிறான்.
லூர்து அழவில்லை. நெத்திலி வறுத்தாள். உப்புக் கரித்தது. தின்றேன். நான் 'போடறாங்க' என்று சொல்லியிருந்தால்? வேலையே போயிருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கார்த்திகை 24
காற்று. நேற்று லூர்து மறுபடி அப்பீல் கொடுத்தாள். கிளார்க் சந்தோஷமாக வாங்கிச் சீல் குத்தினானாம்.
"கிரேடே தகராறுல இருக்குதும்மா. முடியற வரைக்கும் பேனும் தொடாதே. வராந்தா பெருக்கினா போதும்."
காலையில் விளக்குமாறு கொடுத்துவிட்டார்கள்.