அரை எம்.எம். ஜாஸ்தி

செவ்வாய், ராத்திரி

என் புத்தியை செருப்பால அடிக்கணும். போன வாரம் எட்டாவது படிக்கிற என் பொண்ணு கண்ணாடி முன்னால நின்னுகினு, "நைனா, முன்பல்லு ஒண்ணு பெருசா கீதா?"ன்னு கேட்டா. நான் வெளையாட்டா பட்டறைல அளவெடுக்கற வெர்னியர் வெச்சு அளந்து, "அரை எம்.எம். ஜாஸ்தி, அரத்தால ராவினா சரியாப் பூடும்"னேன். எர்ணாவூர் பட்டறைல ஃபிட்டருங்க நாங்க நாள் பூரா பேசுற பேச்சு அது.

இன்னிக்கு என் பையிலேர்ந்து அரத்தை எடுத்து அந்தப் பல்லை அவளே ராவிகினா.

பல் டாக்டர் திட்டக்கூட இல்ல. "முகம் இன்னும் வளரும்பா, அப்போ அந்தப் பல்லு பெருசாவே தெரிஞ்சிருக்காது. ராவுன பல்லு வளராது"ன்னாரு.

பச்சத் தண்ணி பட்டாலே அவளுக்குக் கூசுது. அப்டியும் படுக்கப் போறப்போ வாயைத் தொறந்து காட்டி, "இப்போ அளந்து பாரு நைனா"ன்றா.

வெர்னியரை எடுக்கக் கை வரல. அளக்காமலே, "கரெக்டா கீதும்மா"ன்னேன்.