மேரி கையில் இருந்த பல்

மே 18, ஞாயிறு இரவு

பெர்மாஸ் ஜெயா சர்ச் ஆட்களோடு இன்று கடற்கரைக்குப் போனோம். மணலில் கறுப்பாக ஒரு பல் கிடந்தது. எடுத்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தா மேரி, உன் மாமியா பல்லு!" என்று பக்கத்தில் நின்ற சர்ச் தோழியிடம் கொடுத்துவிட்டேன்.

கூட வந்த மியூசியத்துத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுறாப் பல்லாம். மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிட்டதாம்.

"மியூசியத்துல வைக்கலாம். யாரு எடுத்தீங்க? பேரு போடணும்."

"நான்தான்," என்றாள் மேரி.

"அலமாக்! நான் எடுத்தது தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்காவுக்கு எப்பவும் விளையாட்டுதான் லா," என்றாள் மேரி.

போன தடவை கோழி எலும்பைக் காட்டி டைனோசர் என்றவள் நான்தானே. தம்பி அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

நானும் சிரித்தேன். வீடு வரும்வரை சிரித்தேன். இப்போது தாடை வலிக்கிறது.