வாக்கெடுப்புக்கு முன் ஒரு தீர்ப்பு

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன். அதனால் எழுத்தில், வரிசையாக:

1. என் உடம்பு
2. மாப்பிள்ளை சொன்னது
3. உன் வாக்கெடுப்பு

ஒன்று. உடம்பு சுமார். மருத்துவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். தெரிகிறவரை தெரியட்டும் என்று வந்துவிட்டேன்.

இரண்டு. மாப்பிள்ளை வந்திருந்தார். "நீங்களாவது சொல்லுங்க மாமா. வீட்டுக்குள்ளயே நடந்துகிட்டு இருக்கா. நானும் கூட நடந்தா வாக்கிங் போன மாதிரியாவது இருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று. இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். நீ இன்னும் தற்காலிக நீதிபதி. நம் நாட்டுச் சட்டப்படி சட்டமன்றம் இருபதாம் தேதி ஓட்டுப் போட்டால்தான் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. உன் கையில் இருப்பதோ ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரின் தேர்தல் செல்லுமா என்ற வழக்கு. விசாரணை முடிந்துவிட்டதாகப் படித்தேன். தீர்ப்பு என்னவென்று கேட்கமாட்டேன். ஆனால், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகவே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிரந்தரமாகாதவர்கள் இப்படிப்பட்ட தீர்ப்பை வாக்கெடுப்பு முடியும்வரை தள்ளிவைப்பதுதான் வழக்கம். யாரும் குறை சொன்னதில்லை. இருபத்தொன்றாம் தேதி படித்தாலும் தீர்ப்பு அதேதானே? எனக்கு என்ன தெரியும் என்றும் தோன்றுகிறது. யோசித்துப் பார்.

அன்புடன்
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

முதலில் கண்ணாடியை மாற்றுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆளுங்கட்சிக் கொறடாவின் உதவியாளர் என் அறைக்கு வந்தார். "என்ன மேடம் அவசரம்? இருபதாம் தேதி போகட்டுமே. தீர்ப்பு எங்க ஓடிடப் போகுது?" என்றார்.

"இதையே நாளைக்குக் கோர்ட்ல, வக்கீல்கள் முன்னாடி சொல்றீங்களா?"

"அய்யய்யோ, சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மேடம்."

மறுநாள் நானே இரு தரப்பு வக்கீல்களிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவர் பேசியது அப்படியே உங்கள் மூன்றாவது விஷயம். அதுதான் வலிக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டீர்கள் அப்பா. எனக்காகக் கை தூக்கப் போகிறவர்களில் அந்த உறுப்பினரும் ஒருவர். அவர் அங்கே உட்காரலாமா என்பதுதான் வழக்கே. அவர் ஓட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் அவரைப் பற்றியே தீர்ப்புப் படிப்பதா?

பதினாறாம் தேதி தீர்ப்பு என்று அறிவித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
பாப்பா

மார்ச் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினாறாம் தேதி நானும் வந்திருந்தேன், கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். தேர்தல் செல்லாது என்று நீ படித்தபோது தூணைப் பிடித்துக்கொண்டேன். பெருமையால் என்று எழுத ஆசைதான். பயத்தால்.

உன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று வானொலியில் கேட்டதும் பெட்டியை அணைத்துவிட்டு, வேலை எதுவும் இல்லாமல் அறை அறையாகப் போய்வந்தேன்.

நேற்று முடிவெட்டப் போனேன். "என்ன சார், உங்க பொண்ணு நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நாற்காலி தப்பிச்சிருக்குமே!" என்றார் கடைக்காரர். கழுத்தில் துண்டு, தலையில் கத்தரி. எழுந்து ஓடவும் வழியில்லை.

"அப்புறம் படிச்சிருந்தா அது வேற தீர்ப்புப்பா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அதெப்படி சார்? எழுத்து அதேதானே?"

"எழுத்து அதேதான். ஓட்டுப் போடுறவங்களைக் கேட்டுட்டுப் படிச்ச மாதிரி ஆயிடும்ல?"

கடைக்காரர், "சரி சார், தலையை ஆட்டாம இருங்க" என்றார்.

நீ என்றைக்கு வந்தாலும் அறை தயார். மாப்பிள்ளையையும் கூட்டி வா.

தீர்ப்பு அதேதானே என்று மூன்றாவது விஷயத்தில் எழுதியிருந்தேன். அது தவறு.

அப்பா