கிழக்கு வேலியின் மூன்றாவது பெட்டி

அனுப்புநர்:
காவல் தேன்பெட்டிப் பராமரிப்பாளர் (ஒப்பந்தப் பணி),
துறைமுகம், கிழக்கு வேலி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அயல்நாட்டு நோய், பூச்சித் தடுப்பு இயக்ககம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: காவல் தேன்பெட்டிகளில் அயல்நாட்டு உண்ணி தென்பட்டும் அவற்றை எரிக்க ஆணை வராதது – ஒரு பெட்டியின் தேனீக்கள் வெளியேறிவிட்டமை – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: பெட்டிகளைத் தொடக்கூடாது, செய்தியை வெளியில் சொல்லக்கூடாது என்று தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், துறைமுக வேலிக்குப் போய் மூன்று பெட்டிகளிலும் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தேனீக்கள் இருந்தால், பக்கத்து அறையில் ஓடும் மின்விசிறிபோல ஒரு சத்தம் வரும். முதல் இரண்டு பெட்டிகளில் வந்தது. மூன்றாவதில் வரவில்லை. கடிதப்படி தவறு என்று தெரிந்தும் மூடியைத் திறந்தேன். தேனடைகள் அப்படியே இருந்தன. கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போயிருந்தது. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. எதைச் சுமந்துகொண்டு போயிற்று என்பது தெரியும். அதனால்தான் இந்த மனு.

1. தங்கள் பார்வைக்குப் பல கோப்புகள் வரும் என்பதால் என் பணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிகள் தேன் எடுப்பதற்கானவை அல்ல. கப்பல்களின் இடுக்குகளில் சில சமயம் வெளிநாட்டுத் தேனீக்கள் வந்துவிடும். அவற்றின் உடம்பில் நம் நாட்டில் இல்லாத உண்ணிகள் இருக்கலாம். கரை இறங்கும் தேனீ, பக்கத்தில் வேறு தேனீக்கள் இருந்தால் அங்கேதான் முதலில் போகும். ஆகவே வேலியோரம் பெட்டிகளை வைத்து, அடியில் பசைத்தாள் விரித்து, அதில் விழுவதை ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். நாட்டுக்கு வரும் கேடு முதலில் என் பெட்டிகளுக்கு வரவேண்டும். வந்தவுடன் பெட்டிகளை எரித்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. இரண்டாவது பாதி நடக்காவிட்டால், முதல் பாதி நடந்ததே கேடு.

விலங்கியல் பட்டம் பெற்று, பிள்ளைகள் வளர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை இது. வாசற்காவலர் என்னை ராணி என்றுதான் கூப்பிடுவார். "ராணி வந்தாச்சு, கதவைத் திறங்கப்பா" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு அவரே திறப்பார். சந்தோஷமாகத்தான் இருந்தேன் ஐயா.

2. மழை விட்ட சமயத்தில் மரத்தடிகள் ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. அதன் கிரேனின் கைக்கு அடியில் ஒரு தேனீக் கூட்டம் தொங்கியது. நான் போய்ச் சேருவதற்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கலைத்துவிட்டார்கள். "விசா இல்லாம வந்துட்டாங்கம்மா, திருப்பி அனுப்பிட்டோம்" என்றார் சரக்கு எழுத்தர். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிகள் இருக்கின்றன என்ற தைரியத்தில் நானும் சிரித்தேன்.

3. அடுத்த பசைத்தாளில், கடுகில் பாதி அளவுக்குச் செம்பழுப்பாகச் சில புள்ளிகள் இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கால்கள் தெரிந்தன. அன்றே அனுப்பினேன். மாதிரி வழியில் வெயிலில் கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பவும் என்று பதில் வந்தது. பனிக்கட்டியில் வைத்து அனுப்பினேன். அதன் பிறகு வந்ததுதான் பார்வையில் கண்ட கடிதம்.

தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் அன்பாகவே பேசினார். "பூச்சிதானே மேடம், எங்க ஓடிடப் போகுது?" என்றார். "ஓடாது சார், பறக்கும்" என்றேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உறுதின்னு எழுதிட்டா கப்பலை எல்லாம் நிறுத்தணும், வெளிநாட்டுக்குத் தெரிவிக்கணும், ஏற்றுமதி படுத்துடும். அதான் யாரும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். அவர் யாரென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

4. காத்திருப்பது என்றால் என்னவென்று தாங்கள் ஒருமுறை வேலியோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உண்ணி புழுவை உறிஞ்சுகிறது. பிறக்கும் தேனீக்குச் சிறகு சுருண்டிருக்கிறது. அது வாசலில் நடந்து வந்து விழுகிறது. கூட்டம் மெலிந்ததும் வெளித் தேனீக்கள் தேனைக் கொள்ளையடிக்க வருகின்றன. தேனோடு உண்ணியையும் வீட்டுக்கு எடுத்துப் போகின்றன. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவை, எந்த ஊர்ப் பெட்டிக்குத் திரும்புகின்றன என்று யாருக்கும் தெரியாது. காவலுக்கு வைத்த பெட்டியை நாம் விநியோகக் கடையாக்கிவிட்டோம். அந்தக் கடையில் நான் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

5. என் அண்ணன் தேனீ வளர்ப்பவர். பூக்கும் பருவத்தில் தன் பெட்டிகளை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுவார். தேனீ வராத பூசணிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும் என்பதால் அவருக்காகக் காத்திருப்பார்கள். "என்னுது உழைக்கிற தேனீ, உன்னுது சம்பளம் வாங்கற தேனீ" என்று என்னைச் சீண்டாமல் அவர் பேச்சை முடித்ததில்லை. போன வாரம் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க பக்கம் பூசணி பூத்திருச்சா?" என்று கேட்டார். "பூத்திருச்சுண்ணே" என்றேன். பூவைப் பற்றிக் கேட்டார். பூவைப் பற்றி மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பெட்டிகள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு இங்குள்ள பூசணி வயல்களுக்கு வருகிறார். அந்த வயல்களில் நின்றால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். என் தேனீக்களுக்கு அது ஒரு தூரமே இல்லை.

அன்று இரவு, "ஏன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கே?" என்று என் கணவர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். தங்கள் கடிதத்தை நான் இந்த அளவுக்கு மதித்திருக்கிறேன் என்பதைக் கனிவுடன் குறித்துக்கொள்ளவும்.

6. ஆகவே நான் வேண்டுவது: மீதமுள்ள இரண்டு பெட்டிகளை எரிக்க இன்றே அலுவலர் ஒருவரை அனுப்ப வேண்டும். வெளியேறிய கூட்டத்தைச் சுற்றுவட்டாரத்தில் தேட வேண்டும். தேனீ வளர்ப்போர் அனைவருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் இன்று நடக்காது என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். இதற்கு முன் எழுதிய மனுக்களுக்கு, கிடைக்கப்பெற்றோம் என்று மட்டும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. போன கூட்டத்தை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கப்பல்கள் நிற்கப்போவதில்லை. எனக்குப் பிறகு இந்த வேலியோரம் மறுபடி பெட்டிகள் வையுங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள வருபவருக்குப் பசைத்தாளோடு தீப்பெட்டியையும், அதைப் பயன்படுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

7. இன்று பொழுது சாயும்போது, வெளியே போன தேனீக்கள் எல்லாம் திரும்பிய பிறகு, இரண்டு பெட்டிகளின் வாசலையும் ஈரத்துணியால் அடைக்கப்போகிறேன். உள்ளே பெட்ரோல் ஊற்றினால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். காதை வைத்துப் பார்த்து, அடங்கிய பிறகே குழி வெட்டி, அதில் இறக்கி எரிப்பேன். அதன் பின் அண்ணனைக் கூப்பிட்டு, லாரியை எடுக்காதே என்று சொல்லி, காரணத்தையும் சொல்வேன். தங்கள் கடிதத்தின் இரண்டு கட்டளைகளும் அத்துடன் மீறப்பட்டுவிடும். அரசுச் சொத்தை அழித்ததற்கான வழக்கை என் ஒருத்தி மீது மட்டும் போடவும். வாசற்காவலருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அந்த நேரத்தில் அவரைத் தேநீர் வாங்கி வர அனுப்பியிருப்பேன்.

இதை இன்னும் யாரிடமும் நான் சொல்லவில்லை. தங்களுக்கும் தபாலில்தான் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொன்னால், என்னைத் தடுப்பதற்கு மட்டும் உடனே ஆள் வந்துவிடும்.

இடம்: துறைமுகம், கிழக்கு வேலி
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
காவல் தேன்பெட்டிப் பராமரிப்பாளர்

இணைப்பு: மூன்றாவது பெட்டியின் பசைத்தாள். தயவுசெய்து வெயிலில் வைக்க வேண்டாம்.