பிரிக்காத கவர்கள்

என் தங்கமே,

வயித்துல பால் வார்த்த சேதி, கடைசி வரைக்கும் படி. வாடகைக்கு விட்ட வீட்டுக்கெல்லாம் நம்ம ஃபிளாட் சங்கத்துல இனிமே ரெட்டைச் சந்தாவாம். "உங்க ஃபிளாட்ல இருக்கற பொண்ணு வாடகையா, சொந்தமா?"ன்னு செயலாளர் கேட்டார். வாடகைன்னு சொன்னா, ரெட்டைச் சந்தாவால சித்திக்குப் பாரமா இருக்கோம்னு நீ பெட்டியைத் தூக்கிடுவே. பொய் சொல்லவும் நாக்கு வரலை. மாசாமாசம் கவர் மேல 'வாடகை'ன்னு எழுதித்தானே தர்றே!

சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த பதினாலு கவரையும் அவர் மேசையில கொட்டினேன். "ஒண்ணாவது பிரிச்சிருக்கேனா, பாருங்க. அவ என் அக்கா மக."

மனுஷன் சிரிச்சுக்கிட்டே 'சொந்தம்'னு எழுதிட்டார்.

கவரெல்லாம் உனக்குத்தான். நீ விட்டு வந்த புருஷன் வீட்டுப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். ஒண்ணாம் தேதி வெறுங்கையோட வா.

உன் சித்தி